கரண்ட் பில்லை இன்னொரு முறை பாருங்கள்: வீட்டின் கார்பன் கணக்கு போடுவது எப்படி?

மின்கட்டண ரசீது, பெட்ரோல் செலவு, கேஸ் சிலிண்டர். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் போனின் கால்குலேட்டரிலேயே உங்கள் வீட்டின் கார்பன் கணக்கைப் போட்டுவிடலாம். போட்டுப் பார்த்தால், எதில் கை வைத்தால் பூமிக்கும் பர்சுக்கும் லாபம் என்பது தானாகத் தெரியும். வாங்க, சேர்ந்து படிப்போம்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவு. கடந்து போய்விடும் என்று பார்த்தால், கரையேறிய புயல் நகராமல் பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி இப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் படகில் போய் மக்களை மீட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் நிறுத்திய வண்டிகளின் சீட் மட்டும்தான் வெளியே தெரிந்தது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, யாரையும் கூப்பிட முடியவில்லை.

ஒரு புயலை மட்டும் வைத்துக்கொண்டு "இது பருவநிலை மாற்றத்தால் வந்தது" என்று சொல்லிவிட முடியாது. வங்கக் கடலில் புயல் எப்போதும் வருவதுதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நமக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்து எத்தனை முந்திரி மரங்களை, பலா மரங்களைச் சாய்த்தது என்பதை வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் விஞ்ஞானிகளிடம் கருத்து வேறுபாடு இல்லை. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால், அது பிடித்து வைத்திருக்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். அந்த ஈரம் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2024-ம் ஆண்டு, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தை விட உலக சராசரி வெப்பம் ஏறக்குறைய 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவே மிக வெப்பமான ஆண்டு.

"சரி, இதுக்கும் என் வீட்டு ஸ்விட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்?" அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

பாடம் 1: நம்ம கரண்ட் எங்கிருந்து வருகிறது?

புதுச்சேரிக்கு என்று பெரிய மின் நிலையம் கிடையாது. காரைக்காலில் இயற்கை எரிவாயுவில் இயங்கும் 32.5 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. நம் தேவையில் பெரும்பங்கு வெளியிலிருந்து, முக்கியமாக மத்திய அரசின் மின் நிலையங்களிலிருந்து வாங்கப்படுகிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, தெலங்கானாவில் ராமகுண்டத்தின் நிலக்கரி, கல்பாக்கத்தின் அணுமின்சாரம் என்று பல இடங்களின் மின்சாரம் கலந்துதான் உங்கள் வீட்டு மீட்டருக்கு வருகிறது.

நெய்வேலி நமக்குத் தூரமே இல்லை. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்விடலாம். நீங்கள் இங்கே ஃபேன் போடும்போது அங்கே ஒரு கைப்பிடி நிலக்கரி எரிகிறது. புகை அங்கே, காற்று இங்கே. அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லா வகை மின் நிலையங்களையும் சேர்த்து மத்திய மின்சார ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சராசரிக் கணக்கை வெளியிடுகிறது. அதன்படி இந்தியாவில் 1 யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். "இந்தியாவின் மின் திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் அல்லாத வழியில் வந்துவிட்டதாமே?" என்று செய்தியில் படித்திருப்பீர்கள். உண்மைதான். 2030-க்குள் அடைய வேண்டிய அந்த 50 சதவீத இலக்கை நாடு 2025-லேயே தொட்டுவிட்டது. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. சோலார் தகடு பகலில் மட்டும்தான் வேலை செய்யும். நிலக்கரி நிலையம் ராத்திரியும் ஓடும். அதனால் நிறுவிய திறனில் பாதி சுத்தமானதாக இருந்தாலும், நாம் உண்மையில் பயன்படுத்தும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அந்த 0.7 இன்னும் இறங்காமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பாடம் 2: மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்று எண்கள்

பள்ளியில் வாய்ப்பாடு படித்தது போல இந்த மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள்.

1. மின்சாரம் 1 யூனிட்: சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு
2. பெட்ரோல் 1 லிட்டர்: சுமார் 2.3 கிலோ (டீசல் என்றால் 2.7 கிலோ)
3. வீட்டு கேஸ் சிலிண்டர் ஒன்று, 14.2 கிலோ: சுமார் 42 கிலோ

"ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான் இருக்கும், அதிலிருந்து எப்படி 2.3 கிலோ புகை வரும்?" என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. பெட்ரோலில் உள்ள கார்பன் எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேருகிறது. அந்த ஆக்சிஜனின் எடையும் கூடுவதால்தான் வெளியே வரும் வாயு, ஊற்றிய பெட்ரோலை விடக் கனமாகிறது.

பாடம் 3: லாஸ்பேட்டையில் ஒரு வீடு

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். லாஸ்பேட்டையில் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, கல்லூரி போகும் பெண், பள்ளி போகும் பையன். மாதம் 250 யூனிட் கரண்ட். ஸ்கூட்டருக்கு மாதம் 15 லிட்டர் பெட்ரோல். சிலிண்டர் ஒன்றரை மாதத்துக்கு ஒன்று.

மின்சாரம்: 250 × 0.7 = 175 கிலோ
பெட்ரோல்: 15 × 2.3 = சுமார் 35 கிலோ
கேஸ்: 42 ÷ 1.5 = 28 கிலோ
மாத மொத்தம்: 238 கிலோ

ஆண்டுக்கு ஏறக்குறைய 2.9 டன். நான்கு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 700 கிலோ சொச்சம்.

இந்தக் கணக்கு முழுமையானது இல்லை. நாம் சாப்பிடும் சாப்பாடு, கட்டும் வீட்டின் சிமெண்ட், வாங்கும் துணி, போகும் ரயில், படுக்கும் ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் கார்பன் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஓர் இந்தியரின் ஆண்டு சராசரி சுமார் 2 டன். உலக சராசரி அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மேலே சொன்ன மூன்றும் உங்கள் கையில் இருக்கும் பகுதி. அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறோம்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். நம்மில் பலர் "கார்பன்" என்றதும் வண்டிப் புகையைத்தான் நினைக்கிறோம். இந்த வீட்டிலோ, நான்கில் மூன்று பங்கு கரண்டிலிருந்து வருகிறது. வீட்டில் புகை தெரியாததால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

பாடம் 4: எதில் கை வைத்தால் பலன்?

ஃபேன்: வீட்டில் அதிக நேரம் ஓடுவது எது? டி.வி. இல்லை, மிக்ஸி இல்லை. தலைக்கு மேலே சுற்றும் ஃபேன்தான். பழைய மாடல் சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. மிச்சம் 45 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட். மூன்று ஃபேன் மாற்றினால் மாதம் 48 யூனிட்டுக்கு மேல், அதாவது 34 கிலோ கார்பன்.

மேலே பெட்ரோல் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 35 கிலோ. மூன்று ஃபேன் மாற்றினால் கிடைக்கும் பலன், அந்த வீட்டு ஸ்கூட்டரை ஒரு மாதம் எடுக்காமலே வைத்திருப்பதற்குச் சமம்!

காசுக் கணக்கும் பார்ப்போம். நம் வீட்டு மின்கட்டணம் அடுக்கு முறையில் இருக்கிறது. யூனிட் கூடக் கூட, மேல் அடுக்கில் ஒரு யூனிட்டின் விலையும் கூடும். அதனால் மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் விலை அதிகமான மேல் அடுக்கிலிருந்துதான் முதலில் குறையும். அந்த அடுக்கில் யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபேன் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,150 ரூபாய் மிச்சம் தரும். கடையில் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு எவ்வளவு கூடுதல் விலை கேட்கிறார்களோ அதை இந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும் என்பது தெரிந்துவிடும். நல்லா ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் போட வேண்டியதில்லை. அடுத்து மாற்றும்போது, அதிக நேரம் ஓடும் ஹால் ஃபேனிலிருந்து தொடங்கினால் போதும்.

ஏ.சி.: ஏ.சி. உள்ள வீடு என்றால் கணக்கே வேறு. ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் வரை இழுக்கும். ரிமோட்டில் 1 டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.க்களை ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி இருக்கிறது. தொடங்குவது 24-ல்தான். 18-க்கு இறக்குவது நம் விரல். 20 டிகிரியில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவதற்குப் பதில், 24-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ராத்திரி 10 யூனிட் ஓடும் ஏ.சி.யில் 2 யூனிட்டாவது மிச்சமாகும்.

நம் ஊர் வைசியாள் வீதிப் பக்கம் பழைய தமிழர் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருப்பக்கம் திண்ணை, உள்ளே முற்றம், உயரமான கூரை. வெப்பக் காற்று மேலே ஏறி முற்றத்தின் வழியே வெளியேறிவிடும். ஏ.சி. வருவதற்கு முன்னால் இந்த ஊர் வெயிலைச் சமாளித்தது இப்படித்தான். நம் அடுக்குமாடி வீட்டில் முற்றம் வைக்க முடியாது. ஆனால் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளை பெயிண்டோ அடிக்கலாம், மேற்குப் பக்க ஜன்னலுக்கு மதியம் திரை போடலாம். மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மாடியில் சோலார்: எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இதுதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் வீட்டு மாடிக்கு மானியம் கிடைக்கிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாய். இலக்கு 1 கோடி வீடுகள். திட்ட காலம் 2026-27 நிதியாண்டு வரை.

1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். 2 கிலோவாட் போட்டால் மாதம் 240 யூனிட். நம் லாஸ்பேட்டை வீட்டின் தேவை 250. அதாவது அந்த வீட்டின் கார்பன் கணக்கில் மின்சாரப் பகுதி ஏறக்குறைய துடைத்துவிடும்.

விண்ணப்பிப்பது எப்படி?
1. பி.எம். சூர்ய கர் தேசிய இணையதளத்தில் உங்கள் செல்போன் எண்ணைப் பதிவு செய்யுங்கள். மின்கட்டண ரசீதில் உள்ள நுகர்வோர் எண் தேவைப்படும்.
2. மின் விநியோக நிறுவனமாகப் புதுச்சேரி மின்துறையைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பியுங்கள்.
3. தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் குறைந்தது மூன்றிடம் விலை கேளுங்கள். உத்தரவாதம், பராமரிப்பு விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்.
4. பொருத்திய பிறகு நெட் மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். மின்துறை ஆய்வு செய்து இணைப்புக் கொடுக்கும்.
5. வங்கிக் கணக்கு விவரத்தைத் தளத்தில் பதிவு செய்யுங்கள். மானியம் நேராகக் கணக்குக்கு வரும்.

கவனிக்க வேண்டியவை நான்கு. ஒன்று, பில் இன்னும் தாத்தா பேரிலோ பழைய உரிமையாளர் பேரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். பல விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் தேங்கும். இரண்டு, "மானியம் வாங்கித் தர்றேன், ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யாராவது போன் செய்தால் உடனே கட் செய்யுங்கள். மானியத்துக்கு ஓ.டி.பி.யைப் போனில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. மூன்று, நம்முடையது புயல் கரை. தகடு தாங்கும் இரும்புச் சட்டம் எவ்வளவு காற்று வேகத்தைத் தாங்கும், உப்புக் காற்றில் துருப் பிடிக்காத பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். நான்காவதைப் பலரும் சோலார் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்: பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. ஃபெஞ்சல் மாதிரி இரவில் விளக்கு எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய அமைப்பைக் கேளுங்கள். விலை கூடும்.

வண்டி: நம் ஊரில் பெட்ரோல் விலை பக்கத்து மாநிலத்தை விடக் கொஞ்சம் குறைவு. எல்லை தாண்டி வந்து டேங்க் நிரப்பிப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். விலை குறைவு என்பதால் கார்பன் குறையாது. லிட்டருக்கு 2.3 கிலோ எங்கே போட்டாலும் 2.3 கிலோதான்.

100 கிலோமீட்டர் ஓட சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டர் சுமார் 5 கிலோ கார்பன் வெளியிடும். மின்சார ஸ்கூட்டர் அதே தூரத்துக்குச் சுமார் 3 யூனிட் எடுக்கும். நிலக்கரி கலந்த இன்றைய மின்சாரத்தில் சார்ஜ் செய்தாலும் 2 கிலோ சொச்சம்தான். பாதிக்கும் குறைவு. மாடி சோலாரில் பகலில் சார்ஜ் செய்தால் இன்னும் குறையும்.

ஆனால் புது வண்டி வாங்குவதற்கு முன்னால் பழைய வழி ஒன்று இருக்கிறது. நம் நகரம் மேடு பள்ளம் இல்லாத ஊர். தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேர் நேராகப் போகின்றன. சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்ற ஊர். பெரிய மார்க்கெட்டுக்கு, ரேஷன் கடைக்கு, பையனை டியூஷனில் விட என்று ஒரு வாரத்தில் 2 கிலோமீட்டருக்குள் எத்தனை முறை வண்டி எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகள் விடுவதில்லை. அந்த நேரத்தில்தான் குழந்தைகள் சாலை நடுவே ஓடுகிறார்கள், தாத்தா பாட்டி பயமில்லாமல் நடக்கிறார்கள். வண்டி இல்லாத தெரு எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் நேரடி உதாரணமே இருக்கிறது.

குப்பைக் கூடை: ஈரக் குப்பையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கட்டிப் போட்டால் அது குருமாம்பேட் குப்பைக் கிடங்குக்குப் போய்க் குவியும். அடியில் காற்றுப் படாமல் அழுகும் சாப்பாடு மீத்தேன் வாயுவாக மாறும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட 28 மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. குறிப்பிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. காய்கறித் தோலைத் தொட்டியில் போட்டு உரமாக்குங்கள். முடியாவிட்டால் பிரித்தாவது கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், சமைத்ததைக் கொட்டாமல் இருங்கள். அரிசி விளைவிக்க மோட்டார் ஓடியிருக்கிறது, லாரி ஓடியிருக்கிறது, அடுப்பு எரிந்திருக்கிறது. கொட்டும்போது அவ்வளவும் சேர்ந்து வீணாகிறது.

துணிக்கும் இதே நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில் பழைய சட்டையோ புத்தகமோ பேரம் பேசி வாங்குகிறவர், தெரியாமலே குறைந்த கார்பன் வாழ்க்கை வாழ்கிறார்.

பாடம் 5: அரசின் கொள்கை என்ன சொல்கிறது?

இந்தியா 2008 ஜூன் 30-ல் பருவநிலை மாற்றத்துக்கான தேசிய செயல் திட்டத்தை வெளியிட்டது. சூரிய சக்தி, எரிசக்தித் திறன், நீர், பசுமை இந்தியா என்று எட்டு இயக்கங்கள். அதைத் தொடர்ந்து மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் தங்களுக்கான திட்டங்களைத் தயாரித்தன. புதுச்சேரியில் அறிவியல், தொழில்நுட்பம் மற்றும் சுற்றுச்சூழல் துறையின் கீழ் பருவநிலை மாற்றப் பிரிவு இந்தப் பணியைக் கவனிக்கிறது.

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் நிகர பூஜ்ய நிலையை அடைவோம் என்று இந்தியா அறிவித்தது. அதாவது வெளியிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சரிக்குச் சரி ஆகும் நிலை. அதே மேடையில்தான் 'லைஃப்' என்ற சொல்லும் வந்தது. சுற்றுச்சூழலுக்கேற்ற வாழ்க்கை முறை என்பது அதன் பொருள். 2022 அக்டோபர் 20-ல் குஜராத்தின் ஏக்தா நகரில் ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோணியோ குட்டெரெஸ் முன்னிலையில் 'மிஷன் லைஃப்' இயக்கமாகத் தொடங்கப்பட்டது. எரிசக்தி, தண்ணீர், பிளாஸ்டிக், உணவு, குப்பை, உடல்நலம், மின்னணுக் கழிவு என்று ஏழு தலைப்புகளில் 75 எளிய செயல்கள் அதில் உண்டு. சிக்னலில் எஞ்சினை அணைப்பது முதல் சிறுதானியம் சாப்பிடுவது வரை எல்லாம் நாம் செய்யக்கூடியவை.

அந்த இயக்கம் மூன்று படிகளாகச் சிந்திக்கிறது. முதலில் மக்களின் தேவை மாறும். தேவை மாறினால் கடைக்காரரும் கம்பெனியும் விற்கும் பொருளை மாற்றுவார்கள். அதைப் பார்த்துக் கொள்கை மாறும். பி.எல்.டி.சி. ஃபேன் கேட்டு நாலு பேர் கடைக்குப் போனால்தான் ஐந்தாவது ஆளுக்கு அது ஷோகேஸில் முன்னால் இருக்கும்.

பாடம் 6: ஆய்வு என்ன சொல்கிறது?

பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேச அறிவியல் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, மக்களின் தேவைப் பக்கத்தில் செய்யும் மாற்றங்களால் 2050-க்குள் உமிழ்வை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க முடியும் என்று மதிப்பிட்டது. ஆனால் அதே அறிக்கை ஒரு நிபந்தனையையும் வைக்கிறது. தனி மனித மன உறுதி மட்டும் போதாது. நல்ல பஸ், நடக்க நடைபாதை, சைக்கிளுக்கு இடம், கட்டுப்படியாகும் விலையில் நல்ல பொருள் எல்லாம் இருந்தால்தான் அந்த அளவை எட்ட முடியும். நாம் மாற வேண்டும், ஊரும் மாற வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆய்வும் கொள்கையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நம் கடற்கரையே காட்டுகிறது. 1980-களின் கடைசியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும் மணல் அங்கே தடைபட்டது. நகரின் கடற்கரை கரைந்துபோய், வெறும் பாறைக் குவியல் மிஞ்சியது. அரிப்பு நம்மோடு நிற்கவில்லை, வடக்கே தமிழகப் பகுதி மீனவக் கிராமங்களுக்கும் பரவியது. பிறகு சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆய்வு செய்து வடிவமைத்த திட்டப்படி, 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டு வைக்கப்பட்டது. மணல் திரும்ப வந்தது. இன்று அந்த மணலில் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

கடலின் போக்கில் ஓர் இடத்தில் கை வைத்தால் விளைவு வேறோர் இடத்தில் வரும். கார்பனும் அப்படித்தான். வெளியிடுவது ஒருவர், வெள்ளத்தில் நிற்பது இன்னொருவர்.

நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள்

"பணக்கார நாடுகளும் பெரிய தொழிற்சாலைகளும் செய்தது. நான் ஏன் ஃபேன் மாற்றணும்?"
உங்கள் கோபம் நியாயமானது. ஓர் இந்தியரின் பங்கு உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. நம் நாடும் சர்வதேச மேடைகளில் அதைத்தான் வாதிடுகிறது. ஆனால் மேலே சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவை உங்கள் செலவையும் குறைக்கின்றன. அடுத்தவர் தப்புக்காக நம் கரண்ட் பில்லை நாம் ஏன் கூட்டிக் கட்ட வேண்டும்?

"மரம் நட்டால் போதாதா?"
நடுங்கள், கண்டிப்பாக. நிழல் தரும், பறவை வரும், மழைநீர் இறங்கும். ஆனால் வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் என்பது பொதுவான மதிப்பீடு. இனத்தையும் வயதையும் பொறுத்து இது கூடும், குறையும். லாஸ்பேட்டை வீட்டின் 2.9 டன்னை ஈடுகட்ட 140-க்கும் மேற்பட்ட மரங்கள் வேண்டும். மூன்று ஃபேன் மாற்றுவது இருபது மரங்களுக்குச் சமம்.

"வாடகை வீட்டில் இருக்கிறேன். சோலாரெல்லாம் எப்படி?"
ஃபேனையும் எல்.இ.டி. விளக்கையும் வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். ஏ.சி. ரிமோட், சமையல், குப்பை, வண்டி ஆகியவற்றுக்கு வீட்டு உரிமையாளர் அனுமதி தேவையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், பொது விளக்கு, லிஃப்ட், மோட்டார் ஆகியவற்றுக்குச் சங்கத்தின் பேரில் சோலார் போட கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இதே திட்டத்தில் உண்டு. அடுத்த கூட்டத்தில் பேச்சை எடுங்கள்.

பயிற்சி: இந்த வாரம் செய்து பாருங்கள்

திங்கள்: போன மின்கட்டண ரசீதை எடுத்து யூனிட்டை 0.7-ஆல் பெருக்குங்கள். பெட்ரோல், கேஸ் கணக்கையும் சேர்த்து எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.
செவ்வாய்: இன்று காலை மீட்டரைப் படம் எடுங்கள். நாளை காலை அதே நேரம் இன்னொரு படம். வித்தியாசம்தான் உங்கள் ஒரு நாள் செலவு.
புதன்: டி.வி., செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாவற்றையும் ரிமோட்டில் இல்லாமல் சுவர் ஸ்விட்ச்சில் அணையுங்கள்.
வியாழன்: அரிசி, பருப்பை ஊற வைத்து, குக்கரில், விசில் வந்ததும் தீயைக் குறைத்துச் சமையுங்கள்.
வெள்ளி: 2 கிலோமீட்டருக்குள் உள்ள எல்லா வேலைக்கும் நடை அல்லது சைக்கிள்.
சனி: வீட்டில் இரண்டு கூடை வையுங்கள். ஒன்று ஈரம், ஒன்று உலர்.
ஞாயிறு: காலையில் மறுபடியும் மீட்டரைப் படம் எடுத்து, இந்த வாரச் சராசரியைச் செவ்வாய்க்கிழமைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அவர்கள் ஆரம்பித்துவிட்டால் நீங்கள் விட்டாலும் அவர்கள் விட மாட்டார்கள்.

நான் இந்தக் கட்டுரைக்காக என் வீட்டுக் கணக்கைப் போட்டபோது, இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தேன். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் யாரும் கவனிக்காமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீரும் போச்சு, கரண்டும் போச்சு. அம்மா இப்போது போனில் அலாரம் வைத்து அணைக்கிறார். செலவு ஒரு பைசா இல்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று கண்டிப்பாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், முதல் வேலையாக அந்தப் பில்லைத் தேடி எடுங்கள்.